ஆயிரம் ரூபாயும் ஆயிரம் கேள்வியும்

தைத் திங்கள் மூன்றாம் நாள் அலங்காநல்லூருக்கு வந்து பாருங்கள்! வாடிவாசல் திறக்கும், காளை சீறிப் பாயும், அதன் திமிலைத் தழுவியபடி இளைஞன் ஒருவன் உயிரைப் பணயம் வைப்பான். பல்லாயிரம் தொண்டைகள் முழங்கும். வென்றவனுக்குத் தங்கக் காசு, கட்டில், பீரோ, மிதிவண்டி. முதல்வனாக வந்தவனுக்குக் காரே பரிசு! மேடையிலே பரிசு வழங்கும் பெரியவர்களைப் பார்த்து, "வாங்குகிறவன் சோம்பேறியாகிவிடுவானே! விற்றுக் குடித்துவிடுவானே!" என்று கேட்பவர் ஒருவருமில்லை. கேட்டால் அடிக்க வருவார்கள்.

அதே ஊரின் ஒரு சிறு தெருவிலே, கூட்டமின்றி, கொட்டுமுழக்கமின்றி, 2023 செப்டம்பர்த் திங்களின் நடுவிலே ஒரு நிகழ்ச்சி நடந்தது. களையெடுத்துவிட்டு வீடு திரும்பி, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள் ஒரு தாய். அவளுடைய பழைய கைப்பேசி ஒலித்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகள்தான் படித்துச் சொன்னாள்: "அம்மா, ஒங் கணக்குல ஆயிரம் ரூவா ஏறியிருக்கு."

தாய் மகிழவில்லை, திகைத்தாள்.

"எதுக்குடி? நான் என்ன வேல பாத்தேன்னு குடுக்குறாக?"

மகள் நம் பள்ளியிலே படிப்பவள். மறுநாள் வகுப்பறையிலே அந்தக் கேள்வியை நம்மிடம் இறக்கிவைத்தாள். வரலாறு கற்பிப்பவர் நாம். பானிப்பட்டுப் போர் எப்போது என்று கேட்டால் நொடியில் சொல்லிவிடுவோம். அந்தத் தாயின் கேள்விக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. தேடினோம். தேடியபோது தெரிந்தது, அந்தக் கேள்வி அவளுடையதே அல்ல என்பது! நூற்றாண்டுக் கணக்கிலே கொடுப்பவர்கள் ஏழையின் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. கேட்டுக் கேட்டு, அதை ஏழையே தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழக்கிவிட்டார்கள்.

கொடுப்பவன் வைத்த சோதனை

மதுரைக்கும் கேள்வி கேட்காமல் கொடுக்கும் எண்ணத்துக்கும் பழைய உறவு உண்டு. மணிமேகலைக் காப்பியத்திலே ஆபுத்திரன் என்றொருவன். வேதியர் கூட்டம் அவனை இழிபிறப்பாளன் என்று விரட்டியது. அவன் மதுரைக்கு வந்து, பிச்சையெடுத்த சோற்றைக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு, மிஞ்சியதை உண்டு வாழ்ந்தான். அவனுக்கு இம்மதுரையிலேதான் அமுதசுரபி கிடைத்ததாகக் கதை. தெய்வம் பாத்திரம் தந்தது என்பதை நாம் நம்ப வேண்டியதில்லை. பசித்தவனிடம் குலமும் கேட்காதே, குணமும் கேட்காதே, சோறு போடு என்று எழுதிய புலவனின் உள்ளத்தைத்தான் நாம் நம்புகிறோம்.

ஏட்டிலே அப்படி. நாட்டிலே எப்படி?

தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. மதுரைச் சீமையும் அதற்குத் தப்பவில்லை. அப்போது, செலவைச் சுருக்க வேண்டும் என்று இந்திய அரசு அனுப்பிவைத்த அதிகாரி சர் ரிச்சர்டு டெம்பிள். அவர் வகுத்த கூலி, நாள் முழுவதும் கல்லுடைத்த ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. வேலை கேட்டு வந்தவர்களுக்கு வீட்டின் அருகே வேலை கிடையாது; உடல் வலுவுள்ளவர்கள் பத்து மைலுக்கு அப்பால் போக வேண்டும். காரணம்? உண்மையாகவே பசித்தவன்தானா என்று சோதிக்க வேண்டுமாம்! பசித்தவன்தான் பத்து மைல் நடப்பானாம்! நடக்க முடியாமல் வழியிலே விழுந்தவன் எந்தக் கணக்கிலே சேர்ந்தான்? இந்தக் கூலி உயிர் வாழப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். வெள்ளையரிலேயே ஒருவருக்கு அந்த நெஞ்சம் இருந்தது என்பதையும் பதிவு செய்வோம்.

டெம்பிள் இதைச் சொந்தமாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அவர் பிறந்த நாட்டிலே 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம் என்று ஒன்று இயற்றியிருந்தார்கள். உதவி வேண்டுமா? உழைப்பு விடுதிக்குள் வா. உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வெளியே உள்ள கடைசிக் கூலியின் வாழ்வைவிட உள்ளே உள்ள வாழ்வு இழிவாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்த விடுதியிலே கூடுதலாகக் கஞ்சி கேட்ட சிறுவனைத்தான் 'ஆலிவர் ட்விஸ்ட்' கதையிலே சார்லஸ் டிக்கன்ஸ் உலகுக்குக் காட்டினார். இலண்டனில் விடுதி, சென்னையில் பத்து மைல் — சோதனை ஒன்றே, சோதிக்கப்பட்டவன் நிறம்தான் வேறு.

அந்நாட்டிலேயே 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயதானவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங். 1909 ஜனவரி முதல் நாள் அஞ்சலகங்களிலே கொடுக்கத் தொடங்கினார்கள். பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கும் ஒரு முள்: உழைக்கும் வலுவிருந்த காலத்தில் உழைக்காமல் திரிந்தவர் என்று கருதப்பட்டவருக்குக் கிடையாது. எழுபது வயதுக் கிழவனிடம் நன்னடத்தைச் சான்று கேட்டது சாம்ராஜ்யம்! ஐம்பது வயதுப் பிரபுவிடம், "உன் தந்தை விட்டுச்சென்ற நிலத்துக்கு நீ என்ன வேலை பார்த்தாய்?" என்று எவரும் கேட்டாரில்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டவர்

ஒருவர் கேட்டார். தோழர்களுக்கு அவரைத் தெரியும். மதபீடங்களின் பகையை வாழ்நாள் முழுதும் சுமந்த பகுத்தறிவாளர் தாமஸ் பெயின். 1797இல் 'நிலவுடைமை நீதி' பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். நிலம் இயற்கையிலே எல்லோருக்கும் பொது. அதை வேலியிட்டு வளைத்தவன் மற்றவர்களுடைய பங்கையும் சேர்த்தே வைத்திருக்கிறான். ஆகவே அவன் சமுதாயத்துக்குக் கடன்பட்டவன். செத்தவரின் சொத்து கைமாறும்போது அதிலே ஒரு பங்கை வரியாக எடுத்து நிதியாக்குங்கள். 21 வயதை அடைந்த ஒவ்வொருவருக்கும் 15 பவுன், 50 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் 10 பவுன் கொடுங்கள் என்றார். ஆணுக்கு மட்டுமல்ல, பெண்ணுக்கும்! ஏழைக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்! அவர் பார்வையிலே அது ஈகை அன்று, பாக்கி. வாங்குபவன் தலைகுனிய வேண்டியதில்லை. கொடாதவன்தான் குனிய வேண்டும். அவர் காலத்திலே அதைச் செயல்படுத்த ஆளில்லை.

இன்னொரு கேள்வி எஞ்சியிருந்தது. குடும்பத்துக்கென்று கொடுப்பதை யார் கையிலே கொடுப்பது? அதைத் தன் வாழ்நாள் கேள்வியாக்கிக்கொண்டவர் எலினார் ராத்போன் என்னும் பெண்மணி. குடும்பத்தின் வருவாயிலே தாய்க்கும் பிள்ளைக்கும் சொந்தமென்று எதுவுமில்லை என்பதை 1924இல் ஒரு நூலாகவே எழுதினார். இருபதாண்டு போராடினார். 1945இல் குடும்ப உதவிப்படி மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, பணத்தைத் தந்தைக்கு உரியதாக எழுதியிருந்தார்கள்! பிள்ளையைச் சுமந்தவள் தாய், பாலூட்டியவள் தாய், பணம் மட்டும் அப்பாவுக்கு! ராத்போன் அவையிலே கடுமையாக எதிர்த்தார், சட்டம் மாறிற்று, பணம் தாயின் கைக்குப் போயிற்று. 1946 ஆகஸ்டில் அஞ்சலகங்களின் முன்னே தாய்மார்கள் வரிசையிலே நின்றபோது அதைக் காண ராத்போன் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

இங்கே, நம் மண்ணிலே? 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சிரித்தார்கள் பலர். அறுபதாண்டு கழித்து, 1989இல் தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. 1962இல் சென்னை மாநில அரசு ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கத் தொடங்கியிருந்தது. பிறகு விதவையர், உடல் ஊனமுற்றோர், கைவிடப்பட்ட மனைவியர் என்று வட்டம் விரிந்தது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் என்றார்கள். அதிலேயும் நிபந்தனை இருந்தது. ஆனால் அது சந்தேகத்தில் பிறந்த நிபந்தனை அன்று. பெண்ணைப் பள்ளியிலே இருத்திவைக்க நீட்டிய கை. "நீ யோக்கியனா?" என்று கேட்பதும், "நீ படி அம்மா" என்று சொல்வதும் ஒன்றாகா. அந்தத் திட்டமே 2022இல் உருமாறி, அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் ஆயிற்று.

2023 மார்ச் 20ஆம் நாள் வரவுசெலவுத் திட்டத்திலே குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. முதலாண்டுக்கு 7,000 கோடி ஒதுக்கப்பட்டது. செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்திலே தொடங்கி, 1 கோடியே 6 லட்சம் பெண்களின் கணக்குகளிலே பணம் சேர்ந்தது. பெயர்: மகளிர் உரிமைத் தொகை. உதவித் தொகை அன்று, உரிமைத் தொகை! எதற்குச் செலவிட்டாய் என்ற கேள்வி அதிலே இல்லை. செங்கற்பட்டுத் தீர்மானத்தின் ஒரு சொல், 94 ஆண்டு நடந்து வந்து அலங்காநல்லூர்க் கைப்பேசி ஒன்றிலே ஒலித்தது.

ஒரு நோட்டுப் புத்தகம்

1,000 ரூபாய் பெருந்தொகையா? இல்லை. அவ்வாண்டு நூறு நாள் வேலைத் திட்டத்திலே தமிழ்நாட்டின் நாட்கூலி 294 ரூபாய். அந்தக் கணக்கிலே ஏறத்தாழ மூன்றரை நாள் கூலி. இதைக் கொண்டு ஒரு வீட்டிலே என்ன மாறிவிடும்?

அந்த மாணவி, தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களிலே தாயின் வரவுசெலவை எழுதிவைத்திருந்தாள். வரலாற்று மாணவர்களுக்குக் கல்வெட்டைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். அரசன் எத்தனை பசு தானம் செய்தான், எந்தக் கோயிலுக்கு எத்தனை வேலி நிலம் விட்டான் என்று கல் சொல்லும். தானம் பெறாத குடிசையிலே என்ன நடந்தது என்று எந்தக் கல்லும் சொல்லாது. இந்த நோட்டு சொல்கிறது. முதல் மாதம்:

மளிகைக் கடை பாக்கி 400. குழுத் தவணை 300. தாத்தா மாத்திரை 180. கணித வினா-விடைப் புத்தகம் 120.

அவ்வளவுதான். ஆனால் வரி வரியாகப் படியுங்கள். முன்பெல்லாம் குழுத் தவணைக்குப் பணமில்லாத வாரத்திலே தண்டல்காரரிடம் ஆயிரம் வாங்குவாள். கையிலே தருவது 900. வாரம் நூறாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். கடனைக் கட்ட ஒரு கடன், அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன். கிணற்றுக்குள் கிணறு! தேதி தவறாமல் வரும் சிறுதொகை அந்த உள்கிணற்றை அடைத்தது. நாலாம் மாதத்துக்குப் பிறகு நோட்டிலே 'தண்டல்' என்ற சொல்லே காணவில்லை. தாத்தாவின் மாத்திரை மாதக் கடைசியிலே நின்றுபோவது வழக்கமாக இருந்தது, அது நிற்கவில்லை. நடவுக் காலத்துக்கு முன்பே முன்பணம் வாங்கிக்கொண்டு, குறைந்த கூலிக்குத் தன் கையைப் பிணை வைப்பாள்; அவ்வாண்டு வைக்கவில்லை. ஊரார் பேசிய கூலியையே தானும் கேட்டாள். ஆயிரம் ரூபாயின் மதிப்பு ஆயிரம் ரூபாயல்ல. "வேண்டாம்" என்று சொல்லும் துணிவு அதனுள்ளே இருக்கிறது.

ஐந்தாம் மாதம் ஒரு வரி நம்மை நிறுத்திவிட்டது: "அப்பாவுக்குக் கைமாற்று 150." ஆறாம் மாதத்தில்: "அப்பா திருப்பித் தந்தது 150."

தோழர்களே! இது எந்த ஊர்? கண்ணகியின் சிலம்பை விற்கக் கோவலன் வந்த மதுரையின் பக்கத்து ஊர். கையிலிருந்த செல்வமெல்லாம் கரைந்த பிறகு, பெண்ணுக்கென்று எஞ்சிய ஒரே உடைமையும் கணவன் கையாலே கடைவீதிக்குப் போனது. அவள் கேட்கவில்லை, கேட்காதவளைத்தான் கற்பின் செல்வி என்று போற்றினோம். அதே மண்ணிலே, இருபது நூற்றாண்டு கழித்து, மனைவியிடம் வாங்கிய நூற்றைம்பதைக் கணவன் திருப்பிக் கொடுக்கிறான். மகள் அதைக் கணக்கிலே எழுதுகிறாள். புரட்சி என்றால் துப்பாக்கிச் சத்தம் மட்டுந்தானா?

ஒரு வீட்டைக் கொண்டு உலகை அளக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயம். மத்தியப் பிரதேசத்திலே 2011-12இல் 'சேவா' என்னும் பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் நிதியுடன் ஒரு சோதனை நடத்தியது. எட்டுச் சிற்றூர்களிலே, ஆண் பெண் குழந்தை என்ற வேறுபாடின்றி, எல்லோருக்கும் மாதந்தோறும் பணம், நிபந்தனையே இல்லை. வயது வந்தவருக்கு முதலில் 200, பிறகு 300. குழந்தைக்கு அதில் பாதி, தாயின் கையிலே. பணம் பெறாத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழந்தைகளின் எடை கூடியது. பெண் குழந்தைகளுக்கு இன்னும் நன்றாகக் கூடியது. கடன் குறைந்தது. சோம்பல் பெருகவில்லை, அயலான் வயலில் கூலிக்குப் போனவர்கள் தம் சொந்தத் துண்டு நிலத்திலே விதைபோட்டு உழைத்தார்கள். ஏழை சோம்பேறியாவதற்குப் பணம் கேட்கவில்லை. தனக்காக உழைப்பதற்குக் கேட்டான்!

குடித்துவிடுவார்களா? உலக வங்கியின் ஆய்வாளர்கள் பல நாடுகளிலே நடந்த 19 ஆய்வுகளை 2014இல் திரட்டிப் பார்த்தார்கள். கொடுத்த பணம் மதுவிலும் புகையிலும் போய்ச் சேர்ந்தது என்பதற்குப் பொதுவான சான்று கிடைக்கவில்லை. அரசே மதுக்கடை நடத்தும் நாட்டிலே அந்தக் கேள்வியை ஏழையிடம் மட்டும் கேட்பது என்ன நீதி?

நாம் மறைக்கக் கூடாதவை

பகுத்தறிவு என்பது பிறரைச் சோதிப்பது மட்டுமன்று. நமக்குப் பிடித்ததையும் சோதிப்பது. 2023இல் விண்ணப்பித்தவர் 1 கோடியே 63 லட்சம் பெண்கள். முதலிலே ஏற்கப்பட்டவர் 1 கோடியே 6 லட்சம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு மின்சாரம் 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. வாசலிலே பழைய சோதனை வேறு உடையிலே நிற்கிறது! பணமுள்ளவனைத் தள்ளவே இந்த விதி என்பார்கள். ஆனால் எந்த வலையிலும் பெரிய மீனோடு சிறு மீனும் சிக்கும். கூட்டுக் குடும்பத்தின் ஒரே மின்கணக்கால் தள்ளப்பட்ட ஏழைப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? முதல் மாதமே சில வங்கிகள், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்றும் பழைய கடன் என்றும் அந்தத் தொகையிலேயே கைவைத்தன. அரசு கண்டித்துத் தடுக்க வேண்டியதாயிற்று. சில வீடுகளிலே கணக்கு அவள் பெயரில். வங்கி அட்டை அவன் சட்டைப் பையில்.

இன்னொரு பக்கத்திலே தீவிரமான தோழர்கள் கேட்கிறார்கள்: "ஆயிரம் ரூபாயைப் போட்டு வாயை மூடுகிறார்களே! நிலம் எங்கே? நியாயக் கூலி எங்கே?" நல்ல கேள்வி. தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு விரைவு பெற்ற பெரியாற்று அணைத் திட்டம் 1895இல் நிறைவேறியது. கால்வாய் நம் ஊர் வயல்களை நனைத்தது. நிலமுள்ளவன் வீட்டிலே நெல் குவிந்தது. நாற்று நட்டவளின் கூலி மரக்கால் கணக்கிலேயே நின்றது. தண்ணீர் மட்டும் போதவில்லை. பணம் மட்டும் போதாது. பள்ளியும் மருத்துவமனையும் கூலிச் சட்டமும் வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: நியாயக் கூலி கேட்டு நிற்க முதலிலே வயிறு ஒரு வாரம் தாங்க வேண்டும். கந்துவட்டிக்காரன் வாசலிலே நிற்கும்போது எவளும் போராட்டப் பந்தலுக்கு வரமாட்டாள்.

அந்தத் தாய்க்கு நம் பதில்

"நான் என்ன வேல பாத்தேன்?" என்று கேட்டாளல்லவா? கணக்கு இருக்கிறது. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டுவேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு அதிலே செலவிடும் நேரம் 299 நிமிடம். அப்படிச் செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். ஐந்து மணி நேரம் — கூலியில்லாத உழைப்பு. சோறாக்கினாய், துணி வெளுத்தாய், கிழவரைத் தூக்கி உட்காரவைத்தாய், நாளைக்கு வயலுக்கும் ஆலைக்கும் போக வேண்டிய உடல்களை இன்று தேற்றி அனுப்பினாய். உன் உழைப்பின்றி எந்த ஆலையிலே சங்கு ஊதும்? அம்மா, நீ பார்க்காத வேலை எது? அந்த ஆயிரம் உனக்குக் கொடுத்த பரிசு அன்று. உனக்குச் சேர வேண்டிய பெரும் பாக்கியிலே ஒரு துளி.

இதை அவளிடமே சொன்னோம். சிரித்தாள். "அப்ப மிச்ச பாக்கி எப்ப வரும், சார்?" என்றாள்.

இளைஞர்களே, இந்தக் கேள்வி அவளுடையது. எவரும் அவள் வாயிலே திணிக்காதது. முதல் மாதம் "எதுக்கு?" என்று கேட்டவள், இன்று "எப்ப?" என்று கேட்கிறாள். இதற்கிடையிலே உள்ள தூரத்தை எந்த ஆய்வாளனும் அளந்துவிட முடியாது.

நமக்கு வேலை இருக்கிறது. உங்கள் தெருவிலே தள்ளுபடியான பெண்களின் வீட்டுக்குச் செல்லுங்கள். மேல்முறையீடு எழுதிக் கொடுங்கள். வங்கி அட்டை யார் பையிலே இருக்கிறது என்று கேளுங்கள். மாலையிலே ஒரு மணி நேரம் திண்ணையிலே உட்கார்ந்து, கைப்பேசிச் செய்தியைப் படிக்கும் அளவுக்கேனும் எழுத்துச் சொல்லிக் கொடுங்கள். நம் ஊரிலே அப்படிப் பத்துப் பெண்கள் உட்காருகிறார்கள். அந்தத் தாய் 'ஆ', 'யி' வரை வந்துவிட்டாள். முழுச் சொல்லையும் அவளே படிக்கும் நாளில், மகளின் நோட்டு அவள் கைக்கு மாறும்.